கடுக்காயும் வெல்லமும் காத்த திருமேனிகள்

புதுக்கோட்டை மாவட்டம் கீரமங்கலத்தை அடுத்த குளமங்கலத்தில், வில்லுனி ஆற்றங்கரையில், பெருங்காரையடி மீண்ட ஐயனார் திருக்கோயிலின் முன்பாக 33 அடி உயரக் குதிரை ஒன்று முன்னங்கால்களைத் தூக்கிப் பாயும் கோலத்தில் நிற்கிறது. மாசி மகத் திருவிழாவின்போது அன்பர்கள் வண்டி வண்டியாகக் காகிதப் பூமாலைகளைக் கொண்டுவந்து அதற்குச் சாத்துவார்கள். குதிரையின் உயரத்திற்கே கட்டப்பட்ட மாலைகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து, சற்று நேரத்தில் குதிரையே கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். ஐயனாரின் பெயரில் வரும் காரை ஒரு மரத்தின் பெயர். ஆயினும் கொத்தனார்கள் சுண்ணாம்புச் சாந்தையும் காரை என்றே சொல்வதால், சுதைக் குதிரை நிற்கும் இடத்திற்கு அந்தப் பெயர் வேறொரு வகையிலும் பொருந்திவிடுகிறது.

மாலைகளுக்குள் மறைந்திருக்கும் அந்த மேனியைப் பற்றி நாம் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை. கருவறைக் கல் திருமேனிக்குக் கூரை உண்டு. உற்சவருக்கு மண்டபமும் திரையும் உண்டு. கோபுரத்துச் சுதைச் சிற்பங்களுக்கும் ஊர் எல்லையில் காவல் நிற்கும் ஐயனாரின் பரிவாரங்களுக்கும் வானமே கூரை. சித்திரை வெயிலையும் ஐப்பசி அடைமழையையும் அவை தம் மேனியிலேயே வாங்கிக்கொள்கின்றன. அவற்றை இத்தனை காலம் காத்துவந்தவை பெரும்பாலும் நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியிலும் உறியிலும் இருந்த பொருள்களே.

சுதை என்ற சொல்லுக்குச் சுண்ணாம்பு என்றும் பொருள், அமுதம் என்றும் பொருள். இரண்டும் வெண்மையானவை என்பதனால் மட்டும் முன்னோர் ஒரே பெயரை இட்டிருக்க மாட்டார்கள் என்று தோன்றுகிறது. காளவாயில் சுட்ட சுண்ணாம்புக்கல்லோ கிளிஞ்சலோ தண்ணீர் பட்டதும் கொதித்துப் பொரிந்து நீறாகிறது. அந்த நீற்றுச் சாந்தைச் செங்கல்மேல் அப்பினால், அது காற்றிலுள்ள கரியமில வாயுவைச் சிறிது சிறிதாக உறிஞ்சி மறுபடியும் கல்லாக இறுகுகிறது. கல்லாகப் பிறந்து, தீயில் வெந்து, நீரில் கரைந்து, காற்றை உண்டு மீண்டும் கல்லாகும் பொருள் அது. இந்த மீட்சி ஒரு நாளில் முடிவதில்லை. மேற்பரப்பிலிருந்து உள்நோக்கி, மாதக்கணக்கில் நடைபெறும். சுதை வேலையின் நுட்பங்கள் அனைத்தும் இந்தப் பொறுமையைச் சுற்றி அமைந்தவை.

புதுக்கோட்டைச் சீமைக்கு இந்தக் கலை புதிதன்று. சித்தன்னவாசல் சமணக் குடைவரையின் புகழ்பெற்ற தாமரைத் தடாக ஓவியம் சுண்ணாம்புப் பூச்சின்மேல் தீட்டப்பட்டது. சுமார் 2.5 மில்லிமீட்டர் கனத்தில் மணல் கலந்த காரை, அதன்மேல் அரை மில்லிமீட்டர் அளவுக்கு மெல்லிய சுண்ணாம்புத் தோல், அதன்மேல் வண்ணம். பாண்டிய மன்னன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலமாகிய 9ஆம் நூற்றாண்டில் அங்கே நடந்த திருப்பணியைக் கல்வெட்டு சொல்கிறது. ஓர் அரிசி மணியின் அகலம்கூட இல்லாத அந்த மேற்பூச்சின் பெரும்பகுதி உதிர்ந்துவிட்டது உண்மைதான். எஞ்சியிருப்பது ஆயிரம் ஆண்டுகளைக் கடந்து நிற்கிறது. மலையடிப்பட்டியில் பாறையைக் குடைந்து அமைத்த கோயிலில் பள்ளிகொண்டிருக்கும் கண்ணிறைந்த பெருமாளைச் சேவித்தவர்கள், அந்தப் பெருந்திருமேனி வெறும் பாறையாக இல்லாமல், சுதை பூசி வண்ணம் தீட்டப்பெற்றிருப்பதைக் கண்டிருப்பார்கள். இன்னும் நெருக்கமான சான்று வேண்டுமானால் நச்சாந்துபட்டி, பனையப்பட்டி, ராயவரம், கடியாபட்டி போன்ற நகரத்தார் ஊர்களின் பழைய வீட்டுச் சுவரைத் தடவிப் பார்க்கலாம். கோடையிலும் குளிர்ந்திருக்கும்; பளிங்குபோல வழுக்கும்.

வேலை சமையலறையிலிருந்துதான் தொடங்குகிறது. கடுக்காயை உடைத்து, வெல்லம் அல்லது கருப்பட்டியுடன் தண்ணீரில் ஊறப்போடுவார்கள். பத்துப் பதினைந்து நாள்களில் அது நுரைத்துப் புளிக்கும். தொட்டியை நெருங்கும்போதே கள்ளுப் பானையின் வாடை மூக்கைத் துளைக்கும். அந்த நீரை வடிகட்டி, நன்றாக ஊறிய சுண்ணாம்பிலும் சலித்த ஆற்று மணலிலும் ஊற்றிச் செக்கில் அரைப்பார்கள். மாடு சுற்ற, கல் உருள, சாந்து வெண்ணெய்ப் பதத்துக்கு வரும்வரை அரைக்க வேண்டும். நாள்தோறும் அம்மியில் துவையல் அரைத்த கைகளுக்கு, அரைபட அரைபடத்தான் சுவை கூடும் என்பது தெரியும்; காரைக்கும் அதே கணக்குதான்.

வெல்லத்தின் இனிப்பு சுண்ணாம்பைக் கூடுதலாகக் கரைக்கிறது. குறைந்த தண்ணீரிலேயே சாந்து நெகிழ்ந்துகொடுக்கிறது. இறுகுவதைத் தாமதப்படுத்தி, ஸ்தபதியின் விரலுக்கு நேரம் தருகிறது. கண்ணிமையின் மடிப்பையும் உதட்டின் புன்னகையையும் வடிக்க அந்தக் கால அவகாசம் வேண்டும். தண்ணீர் குறைவதனால் காயும்போது வெடிப்பும் குறைகிறது. கடுக்காயின் துவர்ப்பு சாந்துக்கு உறுதி சேர்க்கிறது. புளிப்பதனால் உண்டாகும் கரியமில வாயுவும் சுண்ணாம்பு கல்லாவதற்குத் துணைசெய்கிறது. ஆனால் அளவு முக்கியம். பாயசத்தில் வெல்லம் கூடினால் திகட்டும், அவ்வளவுதான். காரையில் கூடினால் அது இறுகாமலே கிடக்கும், எறும்பும் ஏறும். எனவே புதிதாகப் பழகும் கைகளிடம் இந்தத் தொட்டியை முழுவதுமாக ஒப்படைப்பதில்லை.

செங்கல்லாலும் உடைந்த ஓட்டாலும் எலும்புக்கூடு எழுப்பி, தேங்காய் நார் கலந்த முரட்டுக் காரையால் சதை சேர்த்து, அடுத்தடுத்த பூச்சுகளில் மணலைக் குறைத்துக்கொண்டே போவார்கள். கடைசிப் பூச்சில் மணலே இருக்காது. மெல்லிய துணியில் வடித்த சுண்ணாம்பும், மாவாக அரைத்த வெண்கல் பொடியும் மட்டும். மேனிக்குத் தோலாக அமைவது இதுதான். இதைப் பூசும் நேரத்தில்தான் ஸ்தபதியின் அனுபவம் தெரியும். அடிப்பூச்சு முற்றிலும் காய்ந்திருக்கவும் கூடாது, ஈரம் சொட்டவும் கூடாது. பூசிய பின் வழவழப்பான கூழாங்கல்லால் மெல்ல அழுத்தித் தேய்க்கத் தொடங்குவார்கள். தேய்க்கத் தேய்க்கச் சுண்ணாம்பின் நுண்துகள்கள் நெருங்கிப் படிந்து, மேற்பரப்பின் துளைகள் சிறுத்து, மங்கலாக ஓர் ஒளி எழும். அதன் பிறகும் சில நாள்களுக்கு மேனி வியர்க்கும். உள்ளிருக்கும் ஈரம் முத்து முத்தாக வெளியே வரும். அதை வெள்ளைத் துணியால் ஒற்றி எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். குழந்தைக்கு ஜுரம் விடும்போது நெற்றியைத் துடைப்பது போன்ற வேலை.

செட்டிநாட்டு வீடுகளில் இந்தக் கடைசிப் பூச்சில் முட்டையின் வெண்கரு சேர்ந்தது என்பது எல்லாரும் அறிந்தது. அதைக் கேட்டதும் கோயிலுக்குச் செல்லும் பெரியவர்கள் பலருக்கு மனத்தில் ஒரு நெருடல் எழும். இறைவன் எழுந்தருளும் விமானத்தில் முட்டையா? கேள்வி நியாயமானது, விடையும் வீட்டிலேயே இருக்கிறது. வெண்கரு செய்யும் வேலை, அதிலுள்ள புரதம் சுண்ணாம்போடு கலந்து தண்ணீரில் கரையாத பசையாவதுதான். தயிரிலும் மோரிலும் உள்ள பால்புரதமும் சுண்ணாம்போடு சேர்ந்தால் அதேபோன்ற பசையாகும். உளுந்தை ஊறவைத்து அரைத்த விழுதும், சோற்றுக் கற்றாழைச் சாறும் நம் நாட்டுக் கட்டுமானங்களில் புழங்கியவையே. ஆகவே ஆசாரத்துக்கும் கட்டுமானத்துக்கும் இடையே இங்கே சண்டை இல்லை. முட்டையை விலக்க நினைப்பவர்கள் உறுதியையும் விலக்க வேண்டியதில்லை. தயிர்ப் பானையைத் திறந்தால் போதும்.

இவ்வகைக் கலவைகளுக்கு வடமொழி நூல்களிலும் இடம் உண்டு. 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வராகமிகிரர் தமது பிருகத் சம்ஹிதையில் வஜ்ரலேபம் என்ற பூச்சுக்கென ஓர் அத்தியாயமே ஒதுக்கியிருக்கிறார். பச்சைத் தும்பிலிக்காய், பச்சை விளாங்காய், இலவம்பூ, வசம்பு முதலியவற்றை நீரிலிட்டு எட்டில் ஒரு பங்காகச் சுண்டக் காய்ச்சி, குங்கிலியம், ஆளிவிதை, வில்வப்பழம் போன்றவற்றை அரைத்துச் சேர்த்து, கோயிலுக்கும் சிலைக்கும் சுவருக்கும் சூடாகப் பூச வேண்டும் என்பது அவர் சொல்லும் முறை. பிள்ளை வளர்ப்பான் என்று நாம் அழைக்கும் அதே வசம்புதான். பச்சைக் குழந்தையைக் காத்த வேர் சாமி சிலையையும் காத்திருக்கிறது.

இனிச் சற்றுக் கசப்பான செய்தி. குடமுழுக்குக்கு முன்பாகப் பல ஊர்களில் நடப்பது வேறு. விரிசல் விட்ட சுதையின்மேல் சிமென்ட் பூசி, அதன்மேல் பளபளக்கும் எனாமல் வண்ணம் அடித்துவிடுகிறார்கள். திருவிழா அன்று கோபுரம் புது மணப்பெண்ணைப்போல ஒளிவிடும். நான்கைந்து மழைக்காலம் கடந்ததும் ஆங்காங்கே கொப்புளம் கிளம்பும். விரலால் தட்டினால் உள்ளே காலியாக இருக்கும் ஓசை கேட்கும். பிறகு துவாரபாலகரின் தோளோ தேவியின் கரமோ பாளமாகக் கழன்று விழும். வண்ணத்தின் தரத்தைக் குறை சொல்வோம். ஆனால் நல்ல வண்ணமாக இருப்பதும்கூடக் கெடுதல் செய்யும்.

காரணம் எளியது. சுண்ணாம்பு மூச்சு விடும் பொருள். மழையில் சிறிது நனையும், வெயிலில் அந்த ஈரத்தை ஆவியாக வெளியே விட்டுவிடும். எண்ணெய் வண்ணம் அந்த வாயை அடைத்துவிடுகிறது. ஆனால் ஈரம் நுழையும் வழி முழுவதும் அடைபடுவதில்லை. செங்கல் இடுக்கிலும் மயிரிழை வெடிப்பிலும் புகுந்த நீர் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கி, செங்கல்லிலுள்ள உப்பைக் கரைத்து மேலே கொண்டுவருகிறது. வண்ணத் தோலுக்கு அடியில் அந்த உப்பு பூத்துப் பருக்கும்போது மேற்பூச்சு மொத்தமாகப் பெயர்கிறது. சிமென்ட்டோ சுண்ணாம்பைவிடக் கடினமானது. வெயிலிலும் குளிரிலும் சுண்ணாம்பு விரிந்து சுருங்குவதோடு அது ஒத்துப்போவதில்லை. உள்ளே இரும்புக் கம்பி வைத்திருந்தால் துன்பம் இரட்டிப்பாகும். துருப்பிடித்த இரும்பு பருத்து, சிற்பத்தை உள்ளிருந்தே பிளக்கும்.

பழைய மேற்பூச்சு ஈரத்தை முற்றிலும் தடுக்கவில்லை என்பது இங்கே மிகவும் கவனிக்கத்தக்கது. கடுக்காய் நீரும் தயிரும் கூழாங்கல் தேய்ப்பும் சேர்ந்து, மழைத்துளி உடனே உள்ளே இறங்காதவாறு துளைகளைச் சிறிதாக்கின, மூடிவிடவில்லை. வண்ணங்களையும் அதே கணக்கில் தேர்ந்தார்கள். காவி மண், மஞ்சள் மண், விளக்குக் கரி ஆகியவை சுண்ணாம்பின் காரத்தைத் தாங்குபவை. அவற்றைச் சுண்ணாம்பு நீரில் குழைத்துத் தீட்டினால் வண்ணமும் மூச்சு விடும். இலைச்சாறும் பூச்சாறும் அந்தக் காரத்தில் வெளுத்துப்போகும். இவ்வாறு கிடைக்கும் நிறங்கள் சற்று அடங்கியே இருக்கும். இன்றைய கண்களுக்கு அது போதாமல் இருக்கிறது என்பதுதான் உண்மையான சிக்கல். நன்கொடை தருபவர் கோபுரம் தொலைவிலிருந்தே மின்ன வேண்டும் என்று விரும்புகிறார். அவருடைய பக்தியில் குறையில்லை, அது எனாமல் டப்பாவில் போய் முடிகிறது.

கருவறையிலேயே சுதைத் திருமேனியாக எழுந்தருளியிருக்கும் பெருமான்களுக்கு நம் ஆகமங்களும் சம்பிரதாயங்களும் காட்டும் பரிவைப் பார்த்தால் இந்த நுட்பம் இன்னும் விளங்கும். திருவரங்கத்தில் பெரிய பெருமாள் சுதைத் திருமேனி. ஆகையால் மூலவருக்குத் திருமஞ்சனம் கிடையாது. அது உற்சவருக்கே நடைபெறும். மூலவருக்கு நறுமணப் பொருள்கள் சேர்த்துக் காய்ச்சிய தைலத்தைச் சாற்றும் தைலக்காப்பு உண்டு. ஆனி மாத ஜேஷ்டாபிஷேகத்தை ஒட்டித் தைலக்காப்பு கண்டருளும் பெருமாளின் திருமேனி திரையிடப்பட்டு, சில வாரங்களுக்குத் திருமுக தரிசனம் மட்டுமே கிடைப்பதை அங்கே சென்றவர்கள் அறிவார்கள். தைலம் உள்ளே இறங்கி நிலைப்பதற்கு அந்த ஓய்வு வேண்டும். வழிபாடாகவே நடைபெறும் பராமரிப்பு அது. திருவனந்தபுரத்தில் அனந்தபத்மநாபர் சாளக்கிராமங்களாலும், கடுசர்க்கரை யோகம் என்னும் கூட்டுச் சாந்தாலும் ஆனவர். அங்கும் மூலவருக்கு அபிஷேகம் இல்லை. கன்னியாகுமரி மாவட்டம் திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாளின் 22 அடித் திருமேனியும் அவ்வாறே. அங்கே கடுசர்க்கரைப் படிமத்தைப் புதுப்பிக்கும் பணிகளுக்குப் பின், 418 ஆண்டுகள் கழித்து 2022 ஜூலை 6ஆம் நாள் குடமுழுக்கு நடைபெற்றது. பழைய முறையில் சாந்து கூட்டத் தெரிந்த கைகள் இன்னும் இருக்கின்றன என்பதற்கு அதுவே சாட்சி.

கருவறைக்கு வெளியே அத்தகைய காவல் இல்லை. கோயில் மதில்மேல் இருக்கும் நந்திக்கும், மரத்தடி நாகருக்கும், வழியோர ஐயனாரின் வீரருக்கும் நாமே காவலர். சில வேளைகளில் நாமே பகைவருமாகிறோம். சுதை உருவத்தின்மேல் ஆசையாகப் பாலும் தண்ணீரும் ஊற்றுவது அதற்கு மெல்லக் கொல்லும் நோய். பாதத்தில் ஏற்றும் கற்பூரத்தின் சூடு பூச்சை வெடிக்கச் செய்யும். விளக்கில் மிஞ்சிய எண்ணெயைக் கையோடு சிலையில் துடைத்துவிடும் பழக்கமும் நல்லதன்று. அந்த எண்ணெயில் தூசி ஒட்டி, பிசுக்காகி, சுண்ணாம்பின் மூச்சை அடைக்கும். திருவரங்கத்தில் எண்ணெய் சாற்றுகிறார்களே என்று கேட்கலாம். அங்கே சாற்றுவது முறையாகக் காய்ச்சிய தைலம், முறையான காலத்தில், அதற்கென்றே உரியவர்களின் கையால். இங்கே ஒரு பூவை எதிரே வைத்து, தனியே வைத்த விளக்கில் தீபம் ஏற்றினால் வழிபாட்டுக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

உழவாரப் பணி செய்யும் அன்பர்களுக்கும் ஒரு சொல். அப்பர் பெருமான் கையில் ஏந்திய உழவாரம் புல்லையும் முளையையும் செதுக்கும் கருவி. வேரோடு பிடுங்கும் கருவி அல்ல. சுதையின் வெடிப்பில் முளைத்த அரசங்கன்றை வலிந்து பிடுங்கினால் வேரோடு சிற்பத்தின் கையும் வந்துவிடும். கன்றை அடியோடு வெட்டி, வேர் பட்டுப்போனதை உறுதிசெய்துகொண்டு, வெடிப்பைச் சுண்ணாம்புச் சாந்தால் அடைப்பதே முறை. அதையும் அனுபவமுள்ள கொத்தனார் செய்வது நல்லது.

வீட்டில் கொலுப் படியில் வைக்கும் வெள்ளைப் பொம்மைகளை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அச்சில் வார்க்கும் அந்தப் பொம்மைகளில் பல பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் எனப்படும் ஜிப்சத்தால் ஆனவை, சுண்ணாம்பு இல்லை. தண்ணீர் பட்டால் ஊறிப்போகும். கடுக்காய் நீரோ தயிரோ தடவினால் கறையும் பூசணமும்தான் மிஞ்சும். உலர்ந்த மெல்லிய துணியால் தூசி தட்டி, பழைய பருத்தி வேட்டியில் சுற்றி, ஈரம் இல்லாத பரணில் வைத்தாலே பல நவராத்திரிகளைக் காணும்.

திருப்பணிக் குழுவில் இருப்பவர்கள் நாள்காட்டியைப் பார்க்கும்போது இன்னொரு கணக்கையும் போட வேண்டியிருக்கிறது. புதுக்கோட்டைப் பக்கம் பெருமழை ஐப்பசியிலும் கார்த்திகையிலும். அதற்குள் மேற்பூச்சு ஓரளவு இறுகியிருக்க வேண்டும். கோடையில் பூசினால் வெயில் ஈரத்தைச் சட்டென உறிஞ்சிவிடும். நனைத்த சாக்கைத் தொங்கவிட்டு நாள்தோறும் நீர் தெளிக்க வேண்டும். ஆகவே ஒரு தை மாதத்தில் சாரம் கட்டி வேலையைத் தொடங்கினால், அந்த மழைக்காலத்தையும் தாங்கவைத்துச் சோதித்துப் பார்த்து, அடுத்த தைக்குப் பிறகு வரும் முகூர்த்தத்தில் குடமுழுக்கு வைக்கலாம். ஓர் ஆண்டுக்கு மேல் ஆகும். வண்ணத்துக்கு இவ்வளவு, கலசத்துக்கு இவ்வளவு, யாகசாலைக்கு இவ்வளவு என்று உபயதாரர்கள் எழுதிக்கொடுக்கும் பட்டியலில், கடுக்காய்க்கும் வெல்லத்துக்கும் சாக்கை நனைக்கும் ஆளின் கூலிக்கும் ஒரு வரி எழுத இடம் இருக்கிறது.